பாடு வைத்த கிணறு

காய்த்துக்கொண்டிருந்த வெண்டைச் செடிகளை வேரோடு பிடுங்கிப் போட்ட அன்று எனக்கு வந்த நிம்மதி, முதல் காய் பறித்த அன்றுகூட வரவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் வீடு பழவேற்காடு ஏரிக்கரையில். பின்னால் மணல், அதில் ஒரு உறைக்கிணறு. எங்களுக்கும், பக்கத்து வீட்டிலிருக்கும் என் கணவரின் அண்ணன் குடும்பத்துக்கும் குடிக்க, சமைக்க அந்த ஒரு கிணறுதான். இந்த மணலில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் நிற்கும், அதற்குக் கீழே உப்பு. மழைக்காலம் முடிந்து கிணறு நிறைந்திருந்ததைப் பார்த்து, நானும் என் ஓரகத்தியும் ஆளுக்கொரு துண்டு நிலத்தில் காய்கறி போட்டோம். எனக்கு வெண்டை, அவளுக்குப் புடலை. ஆடு மேயாமலிருக்கச் சுற்றிலும் பழைய வலையைக் கட்டினோம். மாசிவரை எங்களைக் கையில் பிடிக்க முடியவில்லை.

தண்ணீருக்குச் சண்டை வரக்கூடாதென்று என் கணவர் பாடு வைத்தார். ஏரியில் வலை கட்டும் இடங்களுக்கு எங்கள் ஊரில் இருக்கும் முறை அது: இன்று ஒருவருக்கு, நாளை அடுத்தவருக்கு. பாடு வந்த நாளில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டார்கள். விழுந்ததெல்லாம் அவர்களுக்கு, நாளைக்கு வேறு மீன் வரும். அதே புத்தியைத்தான் கிணற்றிலும் காட்டினோம். என் முறையில் மோட்டார் போட்டு அடிமணல் தெரியும்வரை இறைப்பேன். மறுநாள் அவளும் அப்படியே. பாத்தி வழிந்தாலும் நிறுத்த மனசு வராது. மிச்சம் வைத்தால் அவளுக்குத்தானே போகும்!

சித்திரையில் ஒரு காலை, டீயை ஒரு வாய் குடித்த கணவர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாது இது, சக்கரைக்குப் பதிலா உப்ப போட்டியா?"

நேராகக் கிணற்றுக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். கரித்தது. துப்பினேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். எங்களுக்குத் தண்ணீரே உப்பாகிவிட்டது.

மேலிருந்த நல்ல தண்ணீரை வழித்தெடுத்துவிட்டோம், கீழிருந்த உப்பு ஏறிவிட்டது. பயந்துபோனேன். அடுத்த தெருவில் ஒரு கிணறு இப்படித்தான் கரித்து, அப்புறம் திரும்பவேயில்லை. இப்போது அதில் குப்பை கொட்டுகிறார்கள். எங்கள் கிணறும் போய்விட்டால், நினைத்தபோது வரும் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காலமெல்லாம் நிற்க வேண்டும்.

"உன் மோட்டார்தான் ஜாஸ்தி ஓடிச்சு," என்றாள் ஓரகத்தி.

"உன் பொடலைதான் அம்மாந்தண்ணி குடிக்குதுக்கா," என்றேன்.

இரண்டு பேருக்கும் தெரியும், நிறுத்த வேண்டுமென்று. யார் முதலில்? தன் முறையை விட்டுக்கொடுப்பவர் ஏமாளி என்றுதான் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

மறுநாள் என் முறை. மோட்டார்வரை போய்விட்டுத் திரும்பினேன். முதல் வெண்டைச் செடியைப் பிடுங்கினேன். அடுத்தது, அடுத்தது. கணவர் ஓடி வந்தார்.

"காய்க்கிற செடியப் புடுங்குற, பைத்தியமா உனக்கு?"

"நின்னா தண்ணி கேக்கும். கேட்டா என்னால குடுக்காம இருக்க முடியாது."

கடைசிச் செடியையும் பிடுங்கிய பிறகுதான் எனக்கு நிம்மதி. வலைக்கு அந்தப் பக்கம் நின்று ஓரகத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் அவள் முறை. மோட்டார் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவேயில்லை. எட்டிப் பார்த்தால், பந்தலிலிருந்து புடலைக் கொடியை அறுத்துக்கொண்டிருக்கிறாள்.

"பாத்துனு நிக்கிறியே, வந்து ஒரு கை புடிடி!" என்றாள்.

அப்பாடா! அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் லாரித் தண்ணீர்தான். தினமும் காலையில் கிணற்றில் ஒரு வாய் எடுப்பேன், துப்புவேன். வைகாசியில் நல்ல கோடை மழை பெய்தது. அதற்குப் பிறகு ஒரு நாள், துப்ப மறந்து விழுங்கிவிட்டேன். ஓரகத்தியைக் கூப்பிட்டேன். அவளும் குடித்தாள், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

என் கணவருக்கு முகமெல்லாம் பல்.

"தண்ணி திரும்பிடுச்சா? ஆடியில கீர போட்டுடலாம். மொத மொற யாருது?"

"கெணத்தோடது," என்றாள் ஓரகத்தி. "நீ போய் வலையப் பாரு, தம்பி."