எமரால்டில் வழி தவறிய நாள்

என் கணவர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஈரோட்டுப் பக்கத்து வயல்களையும் வாய்க்கால்களையும் முப்பது வருஷம் அளந்தவருக்கு, யாரிடமும் வழி கேட்பது பிடிக்காது. "இந்தத் தடவை ஊட்டிக் கூட்டத்துல மாட்ட வேண்டாம். ஒரே ஊர்ல தங்கி, நாலு நாளும் நாமளே நடக்கலாம். கைடும் வேண்டாம், காரும் வேண்டாம்" என்றார். அவர் தேர்ந்தெடுத்த ஊர் எமரால்டு. அணைத் தண்ணீர் பெரிய ஏரியாகத் தேங்கிக் கிடக்கும் ஊர். நான்கு நாளைக்கும் நான்கு வழியை ஒரு நோட்டில் அவரே வரைந்து வைத்திருந்தார்.

அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே அவரிடம் சின்னச் சின்ன மறதிகள் இருந்தன. வண்டிச் சாவி, பக்கத்து வீட்டுக்காரர் பெயர், சாப்பிட்டாயிற்றா இல்லையா என்பது. வயதானால் யாருக்கும் வருவதுதானே என்று நான் தள்ளிவிட்டேன்.

முதல் நாள் நன்றாகப் போனது. கேரட் தோட்டங்களுக்கு நடுவே இறங்கி ஏரிக்கரை வரை நடந்தோம். அவர் முன்னால், நான் பத்தடி பின்னால். எங்கள் கல்யாணத்திலிருந்து அப்படித்தான். எதிர்ச் சரிவைக் காட்டி அது எத்தனை ஏக்கர் வரும் என்று கண்ணாலேயே கணக்குச் சொன்னார். மடித்துக் கட்டிக்கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைத் தண்ணீர் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இரண்டாம் நாள் தேயிலைச் சரிவில் ஏறினோம். மேலே, சோலை தொடங்கும் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. பளிச்சென்ற வெயில். அவர் நோட்டை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"இதை யாரு வரைஞ்சது?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "நீங்கதானுங்க வரைஞ்சீங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படியொரு பயத்தை நான் கண்டதே இல்லை. உடனே சுதாரித்துக்கொண்டு, "ஆமா, எழுத்து பொடிசா இருக்கு" என்றார். நானும், "எனக்கு முழங்கால் வலிக்குதுங்க. வந்த வழியே இறங்கிரலாம்" என்றேன். அவர் சொன்னதும் பொய், நான் சொன்னதும் பொய். இறங்கினோம்.

கீழே ஒரு டீக்கடை. அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய் இரண்டு டீ வாங்கினேன். திரும்பி வந்தால் பெஞ்சு காலி.

கடைக்காரர், "பயப்படாதீங்கக்கா, இங்க எங்கயும் போயிர முடியாது" என்றார். ஆனால் சொல்லும்போதே அவர் கண் ஏரிப் பக்கம் போனதை நான் பார்த்துவிட்டேன். கடைக்காரர் மேல்பாதையில் தேடப் போக, நான் கரையோரமாக ஓடினேன். "ஏனுங்க, ஏனுங்க" என்று கத்தினேன். தூரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஏனுங்க என்றால் எந்த ஆம்பிளையும்தான் திரும்பிப் பார்ப்பார். முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் கணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் வாயில் அந்தப் பெயர் யாரோ அந்நியருடையதைப் போல இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் கேரட் தோட்டத்திலிருந்து ஒரு பெண் கையசைத்தாள். அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் அவரை ஒரு சாக்கின் மேல் உட்காரவைத்துத் தோளில் ஒரு சால்வையைப் போர்த்தியிருந்தார்கள். கையசைத்தவள் என்னிடம் ஓடிவந்தாள்.

"உங்களைத்தானுங்க தேடிட்டு இருக்காரு. 'என் சம்சாரம் வழி தெரியாம எங்கயோ நிக்கிறா, பாவம், அவளுக்குத் திசையே தெரியாது, தேடிக் குடுங்க'ன்னு ஒரே அழுகை."

அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "எங்க போயிட்ட நீ? நான் பயந்தே போயிட்டேன்."

"வழி தப்பிருச்சுங்க" என்றேன்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். குனிந்து வேலையைத் தொடர்ந்தாள்.

"இனிமே என் கையப் புடிச்சுக்க" என்றார் அவர். பிடித்துக்கொண்டேன். ஊரார் பார்க்க நாங்கள் கைகோத்து நடந்தது அன்றுதான். மறுநாளும் அப்படியே ஏரிக்கரையில் நடந்தோம். தான்தான் என்னை அழைத்துப் போவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். திரும்ப வேண்டிய இடங்களில் நான் அவர் விரல்களை லேசாக அழுத்தினேன். அவரும் திரும்பினார். நான்காம் நாள் நடக்காமலே காலை பஸ்ஸில் மலையிறங்கிவிட்டோம்.

கோயம்புத்தூரில் டாக்டர் அந்த நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அவர் நடை, கூடத்திலிருந்து வாசற்கதவு வரைக்கும்தான். சில நாள் என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க, எந்த ஊருங்க?" என்று மரியாதையாகக் கேட்கிறார்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். அந்தச் சோலை ஓரத்தில் நான் முழங்கால் வலி என்று சொல்லியிருக்கக் கூடாது. பயமாக இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு அவரிடம் பதில் இருந்தது. இப்போது கேட்டால் சிரிக்கிறார்.