ஜும்மா நேரத்தில் ஜெயித்த ஆட்டம்

ஒரு விளையாட்டு நல்லதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? என் மகள் கேட்கிறாள். நான் மிக அதிகமாகத் திட்டியதும் மிக அதிகமாகக் கொண்டாடியதும் ஒரே விளையாட்டைத்தான்.

தொண்ணூறுகளில் ஒரு கோடை விடுமுறை. ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு டிவி கேம் பெட்டி வந்திருந்தது. கூடவே ஒரே ஒரு கேசட். நீலச் சட்டைக் குள்ளன் ஒருவன் பள்ளங்களைத் தாண்டி, ஏணிகளில் ஏறி, கடைசிக் கோட்டையின் உச்சியிலிருக்கும் மணியை அடிக்க வேண்டும்.

குதிப்பதுதான் அதன் அழகு. பொத்தானைத் தட்டினால் சின்னத் துள்ளல், அழுத்திப் பிடித்தால் நீளமான பாய்ச்சல். விழுந்தால் தப்பு நம் கட்டைவிரலுடையது. குறைகளும் இருந்தன. வௌவால் லேசாக உரசினாலே குள்ளன் பின்னால் எகிறிப் பள்ளத்தில் விழுவான். அதைவிடப் பெரிய குறை, விட்ட இடத்தைப் பெட்டி நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒரே மூச்சில் முடிக்க வேண்டும்.

அந்த ஒரே மூச்சு எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. கோட்டையை நெருங்கும்போது டிவியில் படம் சுருங்கும். பெட்டி அணைந்து எரியும். குள்ளன் பழையபடி முதல் கட்டத்தில் நிற்பான். அண்ணன் கேசட்டை உருவி வாயால் ஊதுவான், பனியனில் துடைப்பான், மறுபடி ஊதுவான்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான். சனிக்கிழம இத குடுத்துட்டு கிரிக்கெட் கேசட் வாங்கியாறேன்."

"அதுக்குள்ள நான் முடிச்சிடுவேன்."

"நீயா? மொதல்ல வௌவாலத் தாண்டு, அப்புறம் பேசு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தோழி மட்டும் டிவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா, தெருக்கோடியில் தோல் பதனிடும் டேனரியில் தோல் ஊறும் பெரிய மர டிரம்களை ஓட்டுபவர்.

"படம் சுருங்கறப்போ டியூப் லைட்டும் மங்குது பாரு. டேனரில டிரம்ம ஓட விடறாங்க, கரண்டு கம்மியாவுது. கேசட்ட ஏன் பேஜார் பண்றீங்க?" என்றாள். "வெள்ளிக்கிழம ஜும்மா தொழுகைக்கு எல்லா டிரம்மையும் நிறுத்திடுவாங்க. அப்போ ஆடுடி."

வெள்ளிக்கிழமை நண்பகல், பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. சிறிது நேரத்தில் டியூப் லைட் பளிச்சென்று வெளுத்தது. நான் பொத்தானை அழுத்தினேன்.

ஏணி, பள்ளம், வௌவால். சுவரோரம் பதுங்கி, வௌவால் தாழ்ந்து வரும்போது சின்னத் துள்ளல். தாண்டிவிட்டேன். "சீக்கிரம்டி, தொழுக முடியப் போவுது," என்று தோழி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உலுக்காத, அவ கை ஆடுது," என்று அதட்டியது அண்ணன்தான்! கோட்டை வந்தது. படம் சுருங்கவில்லை. கடைசிப் பாய்ச்சலில் குள்ளன் மணியில் மோத, டிவி முழுக்க நட்சத்திரங்கள். நாங்கள் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும். தோழி என்னைத் தூக்கிச் சுற்றினாள். "சும்மா லக்கு," என்று அண்ணன் சொன்னான். ஆனால் சனிக்கிழமை கேசட்டைக் கடைக்குக் கொண்டுபோகவில்லை.

கூச்சல் கேட்டு அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார். அதற்குள் நட்சத்திரங்கள் மறைந்து, குள்ளன் முதல் பள்ளத்தின் முன்னால் தயாராக நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாடி இது, அவ்ளோ பாடுபட்டு மறுபடியும் மொதல்லேர்ந்தா?"

கேட்டுவிட்டு அம்மா சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டார். என் வெற்றிக்குத்தான் சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். தினமும் காலையில் டிபன் டப்பா கட்டி, மாலையில் அதையே கழுவிக் கவிழ்க்கும் இந்த வயதில்தான் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபடுகிறது.

இன்று, பழைய பாணியில் புதிதாகச் செய்த ஒரு விளையாட்டை மகளுக்காகக் கைபேசியில் இறக்கினேன். அதே கட்டம் கட்டமான படம், கிட்டத்தட்ட அதே குதிப்பு. ஆனால் தொடங்கும் முன்பே கேட்கிறது: விழுந்தால் விழுந்த இடத்திலிருந்தா, முதலிலிருந்தா? விழுந்த இடம் என்றால் அந்த வெள்ளிக்கிழமைக் கூச்சல் அவளுக்குக் கிடைக்காமலே போகுமோ? முதலிலிருந்து என்றால் சலித்துத் தூக்கிப் போட்டுவிடுவாளோ? அவள் விரலை நீட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். நீங்களாக இருந்தால் எதைத் தொடச் சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.