முப்பது கிலோவும் ஊசிக் காந்தமும்

ஒரு திருகாணியைக்கூட நேராக இறக்கத் தெரியாத மனிதர், இருபத்திரண்டு வருடமாகத் திருகாணி விற்றுப் பிழைக்கிறார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் சுவரைப் பற்றிப் பாடம் வேறு எடுக்கிறார். இந்த மனிதருக்கா நாம் வாழ்க்கைப்பட்டோம் என்று நினைக்கும்போதெல்லாம் தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஹார்டுவேர் கடையில் அவருக்கு ‘முப்பது கிலோ’ என்று பெயர். யார் வந்து எதை மாட்ட வேண்டும் என்று கேட்டாலும், சுவர் செங்கல்லா, பலகையா என்று ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டார். சுவர் ஓட்டையில் செருகித் திருகு முடுக்குகிற ஆங்கர் பாக்கெட்டைக் கை தானாக எடுக்கும்.

“பாக்கெட்லயே போட்டிருக்கு பாருங்க. ஒண்ணு முப்பது கிலோ தாங்கும். நாலு போடுங்க, நூத்தியிருபது. யானையையே மாட்டலாம்.”

அந்த யானைக்கு இவரைத் தவிர வேறு யாரும் சிரித்ததில்லை. போகிற வீட்டில் எல்லாம் சுவரை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, பெரிய டாக்டர் மாதிரி தலையாட்டுவார். என்ன கேட்டது என்று இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

அவர்கள் புதிதாகக் குடிவந்த வீட்டின் முன்னறைச் சுவர் ஜிப்சம் பலகை. பலகைக்குப் பின்னால் இரண்டடிக்கு ஒன்றாகத் தகரச் சட்டங்கள் நிற்கும். மற்ற இடமெல்லாம் வெறும் காற்று. ஜன்னல் வெளிச்சம் விழுகிற ஒரே இடம் என்பதால் தையல் மிஷினை அந்தச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தாள். வாடிக்கைக்காரர்களின் துணிகளை வைக்கிற அலமாரிக்குத் தரையில் இடமில்லை. மிஷினுக்கு மேலேதான் மாட்ட வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய அலமாரி. நாளைக்குப் பத்து மணி நேரம் அவள் குனிந்து உட்காருகிற இடம். அது விழுந்தால் நேராக அவள் பிடரியில்தான் விழும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பது கிலோ இரவல் டிரில்லோடு வந்து நின்றார். குண்டூசி பொறுக்குகிற தன் காந்தத்தை அவள் சுவரில் வைத்து மெல்ல நகர்த்தினாள். ஓரிடத்தில் ஒட்டியது. அதற்கு மேலே இன்னொரு இடத்திலும் ஒட்டியது.

“இங்க பாருங்க. பலகையைச் சட்டத்துல முடுக்கின திருகு பெயின்ட்டுக்கு அடியில இருக்கு. அதான் காந்தம் பிடிக்குது. இந்தக் கோட்டுல போட்டா நிக்கும்.”

“ஜாக்கெட் தைக்கிற வேலையைப் பாரும்மா. இது டெக்னிக்கல்.”

“மாட்டினா அலமாரி சுவரை விட்டு ஓரடி முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கும். பாரம் கீழ மட்டும் இழுக்காது, மேல வெளியே பிடுங்கும். அதெல்லாம் பாக்கெட்ல போட்டிருக்கா?”

“கம்பெனிக்காரன் என்ன முட்டாளா?”

கம்பெனிக்காரன் முட்டாள் இல்லை. எந்தச் சுவருக்கு முப்பது கிலோ என்பதையும் பாக்கெட்டின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தான். அவர்தான் இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே, காற்றைப் பார்த்து, நாலு ஓட்டை போட்டார். எதிர்வீட்டுக்காரர் வந்து ஒரு கை பிடித்தார். அலமாரி ஏறியது. யானையும் வந்து போனது. கையைத் தட்டிக்கொண்டு அவர் நின்ற தோரணையைப் பார்த்தால் ஏதோ பாலம் கட்டித் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

சாப்பாடு முடிந்தது. அவள் மிஷினை ஒருபக்கமாக நகர்த்திவிட்டு, அவருடைய மடக்குக் கட்டிலைக் கொண்டுவந்து அலமாரிக்குக் கீழே விரித்தாள். தலையணையையும் போட்டாள்.

“என்ன இது?”

“ஞாயித்துக்கிழமை தூக்கம் போடுவீங்கல்ல? இங்க போடுங்க. நான் துணியை அடுக்குறேன்.”

எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று சிரித்தார். வேறு வழியில்லாமல் முப்பது கிலோ படுத்தார். அவள் முதல் துணிக்கட்டை அலமாரியில் வைத்தாள். அவர் கண்ணை மூடவில்லை. மூன்றாவது கட்டுக்குத் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிக்கொண்டு திரும்பிப் படுத்தார். ஐந்தாவது கட்டை அவள் கையில் எடுத்ததுதான் தாமதம், எழுந்து தள்ளி நின்றுவிட்டார். அலமாரி அசையக்கூட இல்லை.

“ஏன் எந்திரிச்சிட்டீங்க?”

“வெக்கையா இருக்கு.”

“பத்து மணி நேரம் நான் உக்காந்தா வெக்கையா இருக்காதா?”

அவர் எதிர்வீட்டுக்காரரை மறுபடி ஒரு கை பிடிக்கக் கூப்பிட்டார். அலமாரியைத் தூக்கி இறக்கியபோது மேலிரண்டு ஆங்கர்களும் பெயர்ந்து, மாவாய்ப் போன ஜிப்சத்தோடு கூடவே வந்துவிட்டன.

“இத்தனை வருஷமா எத்தனை பேருக்கு இதைச் சொல்லி அனுப்பியிருக்கீங்க?” என்றாள்.

திட்டுகிற குரலில் அவள் கேட்கவில்லை. அவர் அந்த வெள்ளை மாவைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுபடி மாட்டியபோது காந்தம் காட்டிய கோடுகளில், மூன்று சட்டங்களுக்குக் குறுக்கே கெட்டியான மரப்பலகை ஒன்றை முடுக்கி, அதில் அலமாரியை நிறுத்தினார்கள். முக்கால்வாசித் திருகு அவள் இறக்கியது. மறுநாள் எதிர்வீட்டுக்காரரிடம், “பலகை போடணும்னு எனக்கு அப்பவே தோணிச்சு,” என்று அவர் அளந்துகொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. தூ என்று இருந்தது அவளுக்கு. இந்த ஜென்மத்தில் திருந்துகிற கேஸா இது?

அந்த வாரக் கடைசியில் அவர் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனார். கொண்டுபோய்க் கொடுக்கும்போது நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பதென்று வழியெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு போனாள். கடையில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

“அலமாரி ஒண்ணு மாட்டணுங்க. பலகைச் சுவரு.”

அவர் கை தானாகப் பாக்கெட்டை எடுத்தது. “பாக்கெட்லயே போட்டி…”

நிறுத்தினார். பாக்கெட்டைத் திரும்ப வைத்தார்.

“அதுக்குக் கீழ யாருங்க படுப்பாங்க?”

“கைக்குழந்தை. தொட்டில் போட்டிருக்கோம்.”

அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தார். “தொட்டிலை முதல்ல அந்தப் பக்கம் மாத்திடுங்க. அப்புறம் இதைச் சுவர்ல வச்சு ஓட்டிப் பாருங்க. எங்கெல்லாம் ஒட்டுதோ பென்சில்ல குறிச்சுக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் ஓட்டை போடவேண்டாம்.”

“என்ன முப்பது கிலோ, யானை எங்க?” என்றான் பக்கத்தில் நின்ற கடைப் பையன். அவர் சிரிக்கவில்லை.

தையல்காரி டிபன் பாக்ஸை மேசையில் வைத்தாள். சேர்த்துவைத்த நாலு வார்த்தையும் வாயில் வரவில்லை. அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தாள். காலையிலிருந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடிய அவளுடைய ஊசிக் காந்தம்.

திருட்டு மனுஷன் என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினாள். அதைத் திருப்பிக் கேட்கவில்லை.