என் கணவரின் குரலும் புஞ்சை மயில்களும்

என் கணவர் அதட்டினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அந்தக் குரலைத்தான் மயில்கள் சட்டை செய்யவில்லை.

அந்த வருடம் பெய்தது ஒரே ஒரு மழைதான். அந்த ஈரத்தை நம்பி உளுந்து போட்டிருந்தோம். முளைவிட்ட பயிரை மயில் கொத்தித் தீர்த்துவிட்டால் மறுபடி விதைக்கக் கரிசலில் ஈரம் இருக்காது, வருடமே போய்விடும். கணவர் கோவில்பட்டியில் ஒரு பேட்டரி ஸ்பீக்கர் வாங்கி, தன் அதட்டலைப் பதிந்து, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓடவிட்டார். எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம்.

“ஏட்டி, ஸ்பீக்கர் மேலயே ஏறி நிக்குது. எம் மானமே போச்சு” என்று ஒருநாள் வந்து உட்கார்ந்தார்.

பி.எட். படித்தபோது மணிச் சத்தத்துக்கு எச்சில் ஊறிய நாயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். மணியை மட்டும் அடித்துச் சோறு வைக்காமல் விட்டால் நாய் மணியை மதிக்காது. பாடம் நினைவிருந்தது, வேலைதான் கிடைக்கவில்லை.

“சத்தம் வருது, ஆளு வரல. அதுகளுக்கு வெளங்கிட்டு” என்றேன்.

“அப்ப நாள் பூரா நான் ஓடவா?”

“நீங்க எதுக்கு? நம்ம நாயி ஓடும்.”

ஸ்பீக்கரை நிறுத்தினோம். மயில் இறங்கினால் மட்டும் குரல். குரல் வந்த கையோடு நாய். துரத்திவிட்டு வந்தால் அதற்கு ஒரு துண்டு கருவாடு. நாய் சீக்கிரமே படித்துக்கொண்டது, மயில்கள்தான் இழுத்தடித்தன. பக்கத்துப் புஞ்சை அண்ணாச்சி வரப்பில் நின்று, “மயிலுக்கு டியூஷனா?” என்று கேட்டுச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பயிரோ அங்கங்கே சொட்டையாகிக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் நாயை அவிழ்க்கும் முன்பே கணவர் அவசரப்பட்டுக் குரலைப் போட்டுவிட்டார். நான் திட்ட வாயெடுப்பதற்குள் அத்தனை மயிலும் எழும்பி ஓடைக்கரை உடைமரங்களைத் தாண்டிப் போயின. நாய் கட்டிய இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார். தடவட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் வெறும் குரலை நம்பாமல் அடுத்த தடவை நாயையும் சேர்த்தே விட்டோம்.

உளுந்து காய் பிடித்து நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் அண்ணாச்சி, நாள் முழுக்கக் கத்தும் தன் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தார்.

“டீச்சர், இத எப்பப் போடணும்?”

எந்தப் பள்ளிக்கூடமும் கூப்பிடாத என்னை முதன்முதலாக ஒருவர் அப்படிக் கூப்பிட்டார்.

“மொதல்ல அத அணைங்க அண்ணாச்சி” என்று பாடத்தைத் தொடங்கினேன்.