பூட்டுக்காரர் வீட்டுக் காகிதப்பூ

பூட்டுக்காரர் வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சில்லை, அதனால்தான் வாசல் தொட்டியில் காகிதப்பூ பூக்கவில்லை என்று தெருவே சொன்னது. குடும்பச் சண்டையில் செடிக்கு என்ன வேலை? விசாரித்துப் பார்த்தால், வதந்தி முக்கால்வாசி நிஜம்.

எந்தப் பூட்டையும் வளைந்த கம்பியால் திறந்துவிடுகிற மனிதர், தன் வாயை மட்டும் பூட்டத் தெரியாதவர். விருந்துக்கு வந்த மச்சினியிடம், மனைவி வைத்த செடியைக் காட்டி, "உங்கக்கா கை ராசிக்கு இலைதாம்மா வரும், பூ எங்க வரும்?" என்றார். மச்சினி விழுந்து விழுந்து சிரித்தாள். வினை அங்கே ஆரம்பித்தது.

"இது பூக்கிற வரைக்கும் உங்ககூடப் பேசினா என்னை ஏன்னு கேளுங்க!" என்றாள் மனைவி.

அதன்பிறகு சாப்பாட்டுத் தட்டுதான் அவரிடம் 'டங்'கென்று பேசியது. வீட்டில் சேர்ந்துபோன பேச்சையெல்லாம் அவர் கடையில் கொட்டினார். சாவி வெட்ட வந்தவர்கள் பழைய சாவியே போதும் என்று ஓடினார்கள்.

செடி பூத்தால்தான் விமோசனம். தினமும் விடிவதற்குள் பூனை நடை நடந்து ஒரு வாளி ஊற்றினார். அவர் தலை மறைந்ததும், தன் மானம் அந்தத் தொட்டியில் இருக்கிறதென்று அவளும் ஒரு வாளி ஊற்றினாள். செடி தளதளவென்று கொழுத்து ஜன்னலையே மறைத்தது. பூ? மூச்!

ஒருநாள் பூட்டுக்காரர் கடைச் சாவியையே மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். வாசலில் மனைவி, கையில் வாளி.

"ஏய், நான் காலையிலயே ஊத்திட்டேனே!"

"நீங்களுமா?" என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

எதிர்வீட்டு நர்ஸ் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, மண்ணு நல்லாக் காஞ்சாத்தான் அது பூக்கும். எங்க வீட்டுல தண்ணி ஊத்த மறந்தே பூத்துக் கிடக்கு."

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"டாக்டர் சொன்ன உடற்பயிற்சியாக்கும்னு நெனச்சேன்!"

அன்று முதல் வாளி கவிழ்ந்தே கிடந்தது. ஆனால் ஒருவருக்கொருவர் காவல் வேண்டுமே!

"ஊத்தலையே?"

"ஊத்தல. நீங்க?"

இதெல்லாம் பேச்சில் சேராது, செடி நிர்வாகம் என்பது அவள் கட்சி. நிர்வாகம் மெல்ல மெல்லக் கறிகாய் விலை, பக்கத்து வீட்டுக் கதை என்று விரிந்தது. மண் வெடித்தது, இலை வாடியது, பிறகு கிளைக்குக் கிளை ரோஸ் நிறம் கொட்டியது.

"என் கை ராசி எப்படி?"

"பிரமாதம்!"

"இதை என் தங்கச்சி முன்னாடி சொல்லி மன்னிப்புக் கேக்கணும்."

"கேட்டுட்டாப் போச்சு."

தங்கச்சி பலமுறை வந்து போய்விட்டாள். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் பூட்டுக்காரர் கருவிப் பையைத் தூக்கிக்கொள்கிறார். "யாரோ பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாங்களாம், பாவம்!"

செடி பூத்துக் குலுங்குகிறது. மன்னிப்பு இன்னும் பாக்கி.