ஓடிக்கொண்டே பேசச் சொன்ன ஆரோக்கியமேரி

செவ்வாய்க்கிழமை காலை வருகைப் பதிவு எடுத்தபோது ஐந்தாம் வகுப்பில் ஜெனிஃபர் இல்லை. ஏன் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் எழுந்து, "அவங்க அம்மா செத்துட்டாங்க டீச்சர். ஆஸ்பத்திரிலேர்ந்து வூட்டுக்கு இட்டாந்துட்டாங்க" என்றாள். மஞ்சள் காமாலை என்று பத்து நாளாகப் படுத்திருந்தவர்தான். தேறிவிடுவார் என்றே நம்பியிருந்தேன். பதிவேட்டை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஜெனிஃபரின் அம்மா ஆரோக்கியமேரியை, பெற்றோர்களாகிய உங்களுக்குத் தெரியும். சேதராப்பட்டு கம்பெனியில் பேக்கிங் வேலை, பெரும்பாலும் இரண்டாம் ஷிப்ட். காலை ஆறு மணிக்குத் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நம் பள்ளி மைதானத்துக்கு வந்து பிள்ளைகளை ஓட வைப்பார். தன் மகளோடு தொடங்கியது. சில மாதத்தில் இருபது பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். பள்ளிப் பொறுப்பில் இருந்த நான் அனுமதி கொடுத்ததோடு சரி. காலங்கார்த்தாலே எழுந்து வர எனக்கென்ன தலையெழுத்தா என்று இருந்துவிட்டேன்.

அவருடைய பயிற்சியில் ஒரு விதி உண்டு. இரண்டிரண்டு பேராக, பேசிக்கொண்டே ஓட வேண்டும். "நேத்து உங்க வூட்ல இன்னா கொழம்பு?" என்று ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். "பேச முடியலன்னா மூச்சு வாங்குதுன்னு அர்த்தம். கொஞ்சம் மெதுவா ஓடு, அவ்ளோதான்" என்பார். இப்படித்தான் ஒருநாள் நாலாம் வகுப்பு சுபா எல்லாக் கேள்விக்கும் வெறும் "உம்" போடுவதைக் கவனித்து, ஓட்டத்தையே நிறுத்தினார். அவளுக்கு மூச்சு இழுப்பு இருந்தது, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அன்றைக்கே அவளையும் அவள் தாயையும் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். இதெல்லாம் எனக்கு மிகவும் பின்னால்தான் தெரிந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்த ஓட்டப் போட்டிக்கு வருகிறேன். அன்று அவருக்கு முதல் ஷிப்ட் போட்டுவிட்டார்கள். முந்தின நாள் போன் செய்து, "டீச்சர், கோட்டுல நிக்கும்போது 'இன்னிக்கிப் பேச்சு கெடையாது'ன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. மத்தத புள்ளைங்க பாத்துக்கும்" என்றார். நான் ஏதோ கணக்கு நோட்டைத் திருத்திக்கொண்டே சரி, சரி என்றேன். மறுநாள் சுத்தமாக மறந்துபோனேன். போதாக்குறைக்கு, "மேரியக்கா சொல்லித்தந்த மாதிரியே ஓடுங்கடா!" என்று கத்தினேன்.

சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளைகள். விசில் அடித்ததும் எங்கள் பள்ளியின் நான்கு பேரும் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொண்டு, காரக்குழம்பும் கருவாடும் பேசிக்கொண்டே ஓடினார்கள். கடைசி நான்கு இடமும் எங்களுக்கு. மற்ற பள்ளி ஆசிரியர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மானம் கப்பலேறியது.

மறுநாள் மேரியை வரவழைத்து, "நாளையிலிருந்து நீ வரத் தேவையில்லை" என்றேன். போனில் சொன்னதை அவர் நினைவூட்டவில்லை. "சரி டீச்சர்" என்று போய்விட்டார். பெற்றோர்களாகிய நீங்கள் வந்து கேட்டபோது, ஷிப்ட் மாறிவிட்டதால் மேரியே நின்றுவிட்டார் என்று சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். பிள்ளைகளை அம்போவென்று விட்டுவிட்டதாக அவரை ஏசினீர்கள்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் சீக்கிரம் வர நேர்ந்தது. ஆறேகாலுக்கு மைதானத்தில் பிள்ளைகள் தாங்களாகவே பேசிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். அன்று மதியம் ஆள் அனுப்பினேன். மறுநாள் காலை மேரி வந்து நின்றார். "வாங்க டீச்சர், நீங்களும் ஒரு ரவுண்டு நடங்க" என்று சிரித்தார், அவ்வளவுதான். அதன்பின் இரண்டு வருடம் தினமும் அவரோடு அந்த மைதானத்தைச் சுற்றி நடந்தேன். என்னென்னவோ பேசினோம். என் தப்பை மட்டும் நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் ஒருவர், "நல்ல பொம்பளதான். இன்னா, நடுவுல புள்ளைங்கள வுட்டுட்டுப் போயிடுச்சி" என்றார். முன்னால் ஜெனிஃபர் நின்றிருந்தாள். அவள் காதில் அது விழுந்தது, திரும்பிப் பார்த்தாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் தாங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

காலை ஆறு மணி ஓட்டம் நிற்காது. அதை நான் பார்த்துக்கொள்வேன். மேரி எனக்கு விட்டுப்போனது அந்த ஓட்டமும், என் தப்பை ஒருவரிடமும் சொல்லாத அவருடைய பெருந்தன்மையும். முதலாவதை வைத்துக்கொள்கிறேன். இரண்டாவதை இனியும் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

ஜெனி, உனக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், இதை நீயே படித்துவிடுவாய். உன் அம்மா உங்களை விட்டுவிட்டுப் போகவில்லை கண்ணு. நான்தான் போகச் சொன்னேன்.