சாம்பாரில் வெல்லம் என்று எழுதியவர் இன்று வந்தார்

பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில் எழுதப் படிக்கக் கற்று, ஒற்றை விரலால் தட்டுகிறேன்.

‘சாம்பாரில் வெல்லம்!’ என்று நம் புனே தமிழர் குழுவில் ஒருவர் எழுதியதிலிருந்து, மகர்பட்டாவில் என் மெஸ் பாதி காலி. மூடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

இன்று அவரே வந்து உட்கார்ந்தார்; குழுவில் படத்தில் பார்த்த அதே முகம். சாம்பார் ஊற்றினேன்.

ருசித்துவிட்டு நிமிர்ந்தார். “அன்னிக்கு வேற மாதிரி இருந்துச்சுங்களே?”

மராட்டி வாடிக்கையாளர்களுக்கு வைத்திருந்த ஆம்டி வாளியைக் காட்டினேன். “வெல்லம் போட்ட அவங்க பருப்புக் குழம்பு, தம்பி. வாளி மாறி உங்களுக்கு ஊத்திட்டோம் போல.”

“அட! எழுதினத இப்பவே அழிச்சர்றனுங்க.”

“அழிக்காதீங்க. கீழ நானே பதில் எழுதுதேன்.”

ஒரு மணி நேரமாயிற்று, எழுதிவிட்டேன்! நீங்களும் சாப்பிட்டுப் பார்த்து எழுதுங்கள். திட்டுவதானால் சின்னச் சின்ன வார்த்தைகளில் திட்டுங்கள். நான் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன்.